பந்துச்செடியை வெட்டிய நாள்

தையல்காரி அந்த வீட்டுக்கு மனைவியாக வந்தபோது அவளோடு மூன்றே மூன்று உருப்படிகள்தான் வந்தன. ஒரு பெட்டி, ஒரு தையல் மெஷின், பழைய பெயின்ட் வாளியில் வளர்ந்த ஒரு ரோஜாச் செடி. பெட்டியை மாப்பிள்ளையான மெக்கானிக் தூக்கினார். மெஷினை வண்டிக்காரர் தூக்கினார். ரோஜா வாளியை மட்டும் அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை. நாற்பத்தேழு வயதுக் கல்யாணப்பெண் முள்செடியை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறியதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் ஒரு வாரம் சிரித்தாளாம். சிரித்துவிட்டுப் போகட்டும். பன்னிரண்டு வருஷம் ஒண்டிக்கட்டையாக இருந்தவளுக்குக் காலையில் கண் விழித்தால் முகம் பார்க்க அந்த ஒரு செடிதான் இருந்தது.

மெக்கானிக் ஆஸ்பத்திரி வண்டிகளைப் பழுது பார்க்கிறவர். அவள் அதே ஆஸ்பத்திரியின் துணி அறையில் கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுகிறவள். வண்டியின் சீட்டு உறை கிழிந்துவிட்டது என்று ஒருநாள் வந்தார். தைத்துக் கொடுத்தாள். மறுமாதம் இன்னொரு கிழிசலோடு வந்தார். மூன்றாவது முறை வந்தபோது அவள் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"இது கிழிஞ்சதில்ல, பிளேடு போட்டது" என்றாள்.

மனிதர் காதுவரை சிவந்துபோனார். அப்புறம் என்ன, பேச வேண்டியதைப் பேசிக்கொண்டார்கள். பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

மெக்கானிக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். பெற்ற தாய் இறந்துபோய் நாலு வருஷம் ஆகியிருந்தது. பெண்ணுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி கண்ணாடிச் சட்டத்தை வளைத்துக் கொடுப்பாள். வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். குட்டி, புதிதாக வந்தவளைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, கதவை அறைந்து சாத்தவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் தையல்காரி சமாளித்திருப்பாள். பெண் மரியாதையாக இருந்தாள். அதுதான் வம்பாகப் போயிற்று. சாப்பிட்டீங்களா, கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா, ரொம்ப தேங்க்ஸ். கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அதே குரல், அதே அளவான சிரிப்பு.

"உங்க பொண்ணு எனக்கு ரசீது போட்டுக் குடுக்காததுதான் பாக்கி" என்று ஒருநாள் மெக்கானிக்கிடம் சொன்னாள். அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. இந்தப் பெண் தன்னிடம் ஒருதடவையாவது சுள்ளென்று பேச வேண்டும், அவ்வளவுதான். விருந்தாளியிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, இல்லையா? இந்த வீட்டில் விருந்தாளியாகவே இருந்து கிழவியாகிவிடுவோமோ என்பதுதான் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லும் குழாயும் கொடிக்கயிறும் போக நாலு பாய் விரிக்கிற அளவுக்கு மண் இருந்தது. குழாய்ப் பக்கம், நிழலில், போனவள் வைத்துவிட்டுப் போன செடி நின்றது. ஹைட்ரேஞ்சியா என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்வதற்குள் வாய் வலிக்கும் என்பதால் வீட்டில் எல்லோரும் பந்துச்செடி என்றார்கள். சின்னச் சின்னப் பூக்கள் நூறு கூடிக் குழந்தை தலை அளவுக்கு ஒரு பந்தாகும். அந்த மண்ணில் அது நீலமாகப் பூத்தது. ஒவ்வொரு வருஷமும் எத்தனை பந்து என்று எண்ணிப் பின்கதவின் நிலையில் பென்சிலால் எழுதி வைப்பது போனவளின் வழக்கம். பதினொன்று, பதினாலு, பத்தொன்பது. அவளுக்குப் பிறகு அதே வரிசையில் குட்டி எழுதிக்கொண்டு வந்தாள். எழுத்துத்தான் மாறியிருந்தது.

தையல்காரி வாளியிலிருந்த ரோஜாவை எதிர்ப்பக்கம், வெயில் நன்றாக விழுகிற சுவரோரம் நட்டாள்.

இரண்டு செடிகளும் வருஷக்கணக்கில் நிற்கிறவைதான். ஆனால் குணத்தில் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. ரோஜாவுக்கு வெயில் முகத்தில் அடிக்க வேண்டும். பந்துச்செடிக்கு உச்சி வெயில் பட்டாலே தலை தொங்கிவிடும், ஒரு குடம் ஊற்றினால் அரைமணியில் எதுவும் நடக்காததுபோல நிமிர்ந்துகொள்ளும். ரோஜாவுக்குத் தண்ணீரை வேரில்தான் விட வேண்டும், இலை நனைந்தால் கரும்புள்ளி விழும், வேரடியில் தேங்கினாலோ அழுகும். பந்துச்செடிக்கு ஈரம் காயவே கூடாது. இந்த அளவுக்குத் தையல்காரி வந்த ஒரு மாதத்திலேயே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதது ஒன்று இருந்தது. அதில்தான் மாட்டிக்கொண்டாள்.

குளிர் விலகுகிற நேரம் அது. அவளுக்கு அன்று வார விடுமுறை. மெக்கானிக் வேலைக்குப் போய்விட்டார், குட்டி கடைக்குப் போய்விட்டாள். தோட்டக் கத்தரியைத் தீட்டிக்கொண்டு ரோஜாவின் முன்னால் உட்கார்ந்தாள். வெளிப்பக்கம் பார்த்த முளைக்கண்ணாகத் தேடி, அதற்கு ஒரு விரல் மேலே சாய்வாக ஒரு வெட்டு. பின்னிக்கொண்டு நின்ற கிளையை எடுத்தாள், வயதான கிளையை எடுத்தாள். முடிந்தபோது முழங்கால் உயரத்துக்கு ஐந்து குச்சிகள் மட்டும் மிச்சம் இருந்தன. தெரியாதவர்கள் பார்த்தால் பதறுவார்கள். அவளுக்குத் தெரியும். ரோஜாவை எவ்வளவு இரக்கமில்லாமல் வெட்டுகிறோமோ அவ்வளவுக்கு அது புதுக்கிளை விட்டு நுனியில் பூக்கும்.

கையில் கத்தரி இருந்தது. வெயில் இதமாக இருந்தது. எதிரே பந்துச்செடி பரட்டைத் தலையோடு நின்றது. இலை உதிர்ந்த பழுப்புக் குச்சிகள், அவற்றின் உச்சியில் போன வருஷத்துப் பந்துகள் காய்ந்து சருகாகித் தொங்கின. பாவம், தாயில்லாத பிள்ளை மாதிரி கிடக்கிறதே, கவனிக்க ஆளில்லையே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. குட்டி வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்றும் தோன்றியது. ரோஜாவுக்குச் செய்த அத்தனையையும் அதற்கும் செய்தாள். ஒரு குச்சி விடவில்லை. தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் எல்லாவற்றையும் வரிசையாக வெட்டி, குப்பையை அள்ளிக் கட்டிப் போட்டு, பெருக்கி, தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தாள். துணி அறையில் அடுக்கி வைத்த விரிப்புகள் மாதிரி ஓரம் பிசகாமல் நின்றது செடி.

சாயங்காலம் குட்டி துணி எடுக்கப் பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து, "நல்லா சுத்தமா இருக்கு" என்றாள்.

மரியாதைக்காக இல்லாமல் தானாக அந்தப் பெண் சொன்ன முதல் வார்த்தை அது. தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் துணி அறையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள்.

அதற்குப் பிறகு குட்டி நிஜமாகவே மாறினாள். தையல்காரி வேலைவிட்டு வரும்போது டீ தயாராக இருந்தது. மெஷினில் உட்கார்ந்தால் விளக்கை அருகே இழுத்து வைத்தாள். கடையிலிருந்து ஊசி கோக்கக் கண்ணாடி ஒன்று கொண்டுவந்து, அவள் மூக்கில் மாட்டி, கழற்றி, வளைத்து, மறுபடி மாட்டி, சரியாக உட்காரும்வரை விடவில்லை. அந்த விரல்கள் காதுக்குப் பின்னால் பட்டபோது தையல்காரி மூச்சுவிடாமல் இருந்தாள். ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுவதுதான் குறைந்துபோயிருந்தது. அதை அவள் கவனித்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெயில் ஏற ஏற ரோஜா துளிர்த்தது. பந்துச்செடி அதைவிட வேகமாகத் துளிர்த்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப்பசேலென்று இலை. இலையே இந்தப் போடு போட்டால் பூ எப்படி இருக்கும் என்று மெக்கானிக்கிடம் பெருமையடித்தாள். ரோஜா பூத்தது. தெருமுனை வீட்டு வேலிக்கு மேலே நீலப் பந்துகள் எட்டிப் பார்க்கத் தொடங்கின. இங்கே இலைக்கு மேல் இலை. தினமும் குனிந்து குனிந்து தேடினாள். கடுகளவு மொட்டு இல்லை. கதவு நிலையில் அந்த வருஷத்துக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது.

ரோஜா இலையில் கரும்புள்ளி கண்டிருந்தது. மருந்து வாங்க நர்சரிக்குப் போனவள், போகிற போக்கில் பந்துச்செடி சமாசாரத்தையும் கேட்டாள். நர்சரிக்காரர் குள்ளமான, அவசரமில்லாத மனிதர். தொட்டியில் மண்ணை அமுக்கிக்கொண்டே, குளிர் முடியும்போது கத்தரி எதுவும் வைத்தீர்களா என்று விசாரித்தார். வைத்தேன், நன்றாகவே வைத்தேன் என்றாள். எவ்வளவு விட்டீர்கள் என்றார். இரண்டு சாண் என்று விரலை விரித்துக் காட்டினாள். அவர் மண் அமுக்குவதை நிறுத்திவிட்டார்.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். ரோஜா இந்த வருஷத்துப் பூவை இந்த வருஷத்துக் கிளையில் வைக்கும். அதனால் வெட்ட வெட்ட நல்லது. இந்த ரகப் பந்துச்செடி அப்படியில்லை, வரப்போகிற வருஷத்துப் பூவை முந்தின வருஷமே குச்சி நுனியில் கட்டி, மூடி வைத்துக்கொண்டு குளிர் முழுக்கச் சும்மா நிற்கும். பார்க்கச் சுள்ளி மாதிரி இருக்கும், உள்ளே பூ தூங்கிக்கொண்டிருக்கும்.

"நீங்க வெட்டினது குச்சியில்லம்மா, பூவையேதான் வெட்டிட்டீங்க. ரோஜாவுக்கு வெட்டு, இதுக்கு ஒரு கும்பிடு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேர் போகவில்லை, அடுத்த வருஷம் பூக்கும், கவலைப்படாதீர்கள் என்று ஆறுதலும் சொன்னார். மருந்தை வாங்காமலேயே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மெக்கானிக்கிடம் சொன்னாள். அவர் கையைத் துடைத்தபடி யோசித்தார். சண்டை சச்சரவு என்றால் நாலு தெரு தள்ளி நடக்கிற மனிதர் அவர். விட்டுத் தள்ளு என்றார். செடிக்கு வயதாகிவிட்டது, ஒரு வருஷம் ஓய்வு எடுக்கிறது என்று குட்டி நினைத்துக்கொள்வாள். அடுத்த வருஷம் பூத்துவிட்டால் கதை முடிந்தது.

"இப்பதான் ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க. அதை ஏன் கெடுத்துக்கற?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளைப் படுத்தியது. அந்தப் பெண் கொண்டுவந்து மாட்டிய கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டுதான் அவள் தினமும் ஊசி கோத்தாள். சொன்னால் அந்த விரல்கள் மறுபடி கிட்டே வராது. சொல்லாவிட்டால் அந்த டீ ஒவ்வொரு நாளும் தொண்டையில் நிற்கும். துணி அறையில் ஒரு நோயாளி அங்கிக்குக் கையை உள்பக்கம் வெளியாகத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது முடிவுக்கு வந்தாள். கோணலாக விழுந்த தையலை மேலே இன்னொரு தையல் போட்டு மறைத்தால் துணி இழுத்துக்கொண்டேதான் இருக்கும். பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்த விடுமுறை நாளில் குட்டி குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தையல்காரி போய்த் துவைகல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"உங்கம்மா செடி இந்த வருஷம் பூக்காது. நான் வெட்டினதாலதான். தெரியாம வெட்டிட்டேன். ஆனா வெட்டினது நான்தான்."

குட்டி துணியைப் பிழிந்தாள். சொட்டு நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"நர்சரிக்காரர் சொன்னாரா?"

"இல்ல. அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேன். தலைவலின்னு கடையிலேர்ந்து பாதியில வந்துட்டேன். நீங்க பின்னாடி இருந்தீங்க, நான் வந்தது உங்களுக்குத் தெரியல. ஜன்னல்கிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க உள்ள வர்றதுக்குள்ள மறுபடி வெளிய போயிட்டேன்."

தையல்காரிக்கு முதலில் விளங்கவில்லை. வெட்டக் கூடாதென்று உனக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

"அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்காங்க. காஞ்ச பூவை மட்டும் கிள்ளு, குச்சியில கை வைக்காதேன்னு." பெண் பிழிந்த துணியைக் கல்லில் வைத்தாள். "நீங்க முதல் குச்சியில கத்தரி வச்சப்பவே ஒரு குரல் குடுத்திருந்தா நின்னிருக்கும். வாய் வரைக்கும் வந்துச்சு. குடுக்கல. வெட்டட்டும்னு இருந்துட்டேன். நீங்க ஏதாவது பெருசா ஒரு தப்பு பண்ணணும்னு தோணுச்சு. அப்பதான் உங்களைப் பிடிக்காம இருக்கறதுக்கு எனக்கு ஒரு காரணம் கிடைக்கும்."

கொடிக்கயிற்றில் துணி அடித்துக்கொண்டது. ஒரு செடியைக் காப்பாற்றுவதைவிடத் தன்னைப் பிடிக்காமல் இருப்பது இந்தப் பெண்ணுக்கு அவ்வளவு தேவையாக இருந்திருக்கிறது. அதுவும் அம்மாவின் செடியை. அந்த டீ, அந்த விளக்கு, அந்தக் கண்ணாடி எல்லாம் எதற்கு என்பது இப்போது விளங்கியது. பாசம் என்று நினைத்து அவள் மாதக்கணக்கில் மடியில் வாங்கிக் கட்டிக்கொண்டது வெறும் குற்ற உணர்ச்சி. எழுந்து உள்ளே போனாள்.

உடனே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நாலு நாள் தையல்காரி முகம் கொடுக்கவில்லை. சமையலில் உப்பு ஒருநாள் தூக்கலாகவும் ஒருநாள் இல்லாமலும் இருந்தது. மெக்கானிக் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் அவள் வேலைவிட்டு வந்தபோது டீ வழக்கம்போல மேசைமேல் இருந்தது. குட்டி அறைக்குள் ஓடி ஒளியாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள், திட்டு வாங்கக் காத்திருக்கும் முகத்தோடு. கண்ணைப் பார்த்தாள். பல மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள்.

தையல்காரிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. தப்பு செய்தது தெரியாமல் தான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த அத்தனை மாதமும் இந்தப் பெண் தெரிந்தே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். தாயின் செடி மொட்டே இல்லாமல் துளிர்ப்பதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு, யாரிடமும் வாய் திறக்க முடியாமல். இருபத்திரண்டு வயதுக்கு அது கனம்தான்.

"சர்க்கரை பத்தல" என்றாள் தையல்காரி.

குட்டி எழுந்து போய் டப்பாவைக் கொண்டுவந்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

பிறகு மழை வந்தது, குளிர் வந்தது. வீட்டில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சகஜமானது. ஆனாலும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிதான் கையாண்டார்கள். பழைய மரியாதை போய்ப் புது மரியாதை வந்த மாதிரி. இதற்கு அதுவே தேவலை என்று தையல்காரி சிலசமயம் நினைத்ததுண்டு.

குளிர் மறுபடி விலகியது. விடுமுறை நாளில் கத்தரியைத் தீட்டிக்கொண்டு ரோஜாவின் முன்னால் உட்கார்ந்தாள். குட்டி பின்னால் வந்து நின்றாள். தையல்காரி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கத்தரியை அவளிடம் நீட்டினாள். இந்தத் தடவை நீ வெட்டு என்றாள். பெண் பின்வாங்கினாள், தெரியாது என்றாள், கெட்டுப்போனால் என்ன செய்வது என்றாள். கெட்டால் கெடட்டும், உட்கார் என்றாள் தையல்காரி. வெளிப்பக்கம் பார்த்த கண் எது, உள்பக்கம் பார்த்தது எது என்று காட்டிக் கொடுத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக அந்தச் செடியை வேறு யாரும் தொட்டதில்லை. குட்டியின் முதல் வெட்டில் நுனியில் நகம் வெட்டுவதுபோல ஒரு பொட்டு விழுந்தது. இன்னும் கீழே என்றாள். இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவதில் துணிச்சல் வந்துவிட்டது. நாலாவதில் பெண் கத்தரியை அடித்தண்டிலேயே கொண்டுபோய் வைத்தாள்.

"ஏய், அங்க இல்ல! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? எடுடி கையை!"

சொன்ன பிறகுதான் தையல்காரிக்குத் தான் கத்தியது தெரிந்தது. குட்டி கத்தரியோடு திகைத்துப் பார்த்தாள். தையல்காரி சமாளிக்க வேண்டுமே என்று எழுந்து, ஏதோ ஒரு வேலை செய்கிற பாவனையில் பந்துச்செடிப் பக்கம் போய், காய்ந்து நின்ற ஒரு குச்சியைப் பிடித்து ஒடிக்கப் பார்த்தாள்.

"தொடாதீங்க! ஒரு தடவை பண்ணது போதாதா உங்களுக்கு?"

தெருவுக்கே கேட்டிருக்கும். மெக்கானிக் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்தார். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலப்பா, நீ உள்ள போ" என்றாள் குட்டி, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். அவர் தயங்கி நின்றுவிட்டு, மனைவி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, குழப்பத்தோடு உள்ளே போனார்.

குட்டி பந்துச்செடியருகே வந்து குந்தினாள். குச்சிகளின் நுனியில் பருத்த மொட்டுகளைக் காட்டினாள். இது, இது, இது, இதெல்லாம் பூ என்றாள். தையல்காரி பிடித்த அந்தக் குச்சியில் மட்டும் எதுவும் இல்லை. இது செத்தது, வெட்டலாம் என்றாள் தையல்காரி. செத்ததென்று உங்களுக்கு எப்படித் தெரியும், நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருக்கும் என்று பெண் சண்டைக்கு வந்தாள். கீறிப் பார்த்தார்கள். பழுப்பாக இருந்தது. இன்னும் கீழே கீறினார்கள். அங்கேயும் பழுப்பு. விளக்குத் திரி மாதிரி உலர்ந்துபோயிருந்தது.

குட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தரியைத் திருப்பிப் பிடி தையல்காரி பக்கமாக இருக்கும்படி நீட்டினாள்.

"வெட்டுங்க."

"உங்கம்மா செடி. நீயே வெட்டு."

"எனக்குக் கோணலா வரும். நீங்கதான் நேரா வெட்டுவீங்க. இதை மட்டும்தான், சொல்லிட்டேன். பக்கத்துக் குச்சியில பட்டுச்சுன்னா அப்புறம் பாருங்க."

"சரிடி, சரி. நிழல் மறைக்குது, கொஞ்சம் தள்ளி உக்காரு."

பெண் தள்ளி உட்காரவில்லை. பக்கத்துக் குச்சிகள் இரண்டையும் கைகளால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை இன்னும் கிட்டே நீட்டினாள். தையல்காரி அந்தத் தலைக்கு மேலாகவே கையை நீட்டி, அவசரப்படாமல், செத்ததை மட்டும் வெட்டினாள்.